பாட்டு நின்ற இடம்

"டீச்சர், இது கிரேஸ் பாடினது இல்ல."

ரேணுகா மெல்லத்தான் சொன்னாள். ஆனாலும் வகுப்பே திரும்பிப் பார்த்தது.

போடியில் அந்தப் பள்ளியின் ஆண்டு விழா என்றால் 'ஏலமலை ராணி' பாட்டு நாடகம்தான். வருடா வருடம் நடிப்பவர்கள் மாறுவார்கள், பாட்டு மாறாது. இந்த முறை ராணி வேஷத்துக்கு ஆசைப்பட்டவர்கள், ரேணுகாவும்தான், போன வாரமே பாடி, போனில் அனுப்பியிருந்தார்கள். பொன்னுமணி டீச்சருக்குக் கிரேஸின் குரல்தான் பிடித்திருந்தது. அதைத்தான் இப்போது வகுப்பில் போட்டுக் காட்டினார்.

"எதை வச்சுச் சொல்ற?" என்றார் டீச்சர்.

"எங்கிட்ட நாடகத்தோட ரெண்டு பதிவு இருக்கு டீச்சர். ஒண்ணு போன வருஷத்து ஆளுங்க பாடினது. இன்னொண்ணு பழைய கேசட். அதுல 'மேகமே இறங்கி வா'ன்னதும் ரெண்டு தாளத்துக்குப் பாட்டு நின்னுபோகும். அந்த இடத்துல நாடா பழுது. கிரேஸ் அனுப்பினதும் அங்கதான் நிக்குது. அப்ப அது அந்தக் கேசட்டுதானே?"

டீச்சர் மூன்றையும் கேட்டார். போன வருட ராணி நிற்காமல் பாடினாள். கேசட் ராணி நின்றாள். கிரேசும் நின்றாள்.

"கேசட்டுல பாடினது கிரேசோட பெரியம்மா கிருபாராணி," என்றார் டீச்சர். "குரலும் ஒண்ணுபோலத்தான் இருக்கு."

"அப்ப பெரியம்மாவுக்கே வேஷம் குடுத்திருவோம் டீச்சர்!" என்றான் பிரதீப். வகுப்பு சிரித்தது.

மலையிலிருந்து ஜீப்பில் வருகிற கிரேசைக் கேட்கவும் வழியில்லை. போடிமெட்டு ரோட்டில் மண் சரிந்து, இரண்டு நாளாக ஜீப்பு இறங்கவில்லை. போனும் கிடைக்கவில்லை.

"காலையில பேரு குடுக்கணும். ரேணுகா, நீயே ராணி. பழகிட்டு வா."

வீட்டில் அம்மா உடனே தன் பச்சைப் பட்டுச் சேலையை எடுத்து வெளியே வைத்தார். ரேணுகா இயர்போனை மாட்டி, பதிவுகளை மாற்றி மாற்றிக் கேட்டாள்.

கேசட் நின்ற இடத்தில் 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல். கிரேஸ் நின்ற இடத்தில் ஏதோ முணுமுணுப்பு. சத்தத்தைக் கூட்டினாள்.

"ஒண்ணு... ரெண்டு..."

கேசட்டு எண்ணுமா?

கிரேஸ்தான் பாடியிருக்கிறாள்! கேசட்டைக் கேட்டே படித்தவள், பழுதையும் பாட்டு என்று நினைத்து, எண்ணி எண்ணி நின்றிருக்கிறாள்.

இது வேறு யாருக்கும் தெரியாது. பச்சைப் பட்டு எதிரிலேயே இருந்தது.

மறுநாள் மணி அடிக்கும் முன்பே ஓடினாள்.

"டீச்சர், பேரு குடுத்துட்டீங்களா?"

"இப்பத்தான் எழுதுறேன்."

"வெரசா இதைக் கேளுங்க. நான் சொன்னது தப்பு."

கேட்டதும் டீச்சர் சிரித்துவிட்டார். "நீ பேசாம இருந்திருந்தா நீதானே ராணி?"

"அதான் டீச்சர் ஓடி வந்தேன். மெல்ல நடந்தா மனசு மாறிரும்."

வகுப்பிலும் அவளே சொன்னாள். "போச்சு! பெரியம்மாவுக்கு வேஷம் இல்லையா?" என்றான் பிரதீப்.

ஜீப்பு ஓடத் தொடங்கியதும் கிரேஸ் வந்தாள். நடந்ததைக் கேட்டு முறைத்தாள். பிறகு, "அப்ப அங்க நிக்கக் கூடாதா? எம்புட்டு நாள் எண்ணிப் பழகினேன்!" என்றாள் வாடிப்போய்.

"நீ நில்லு. அந்த ரெண்டு தாளத்தை நான் பாத்துக்கிறேன்," என்றாள் ரேணுகா.

இப்போது அவளிடம் புதுப் பதிவும் ஒன்று இருக்கிறது. அதில் ராணி 'மேகமே இறங்கி வா' என்று பாடி நிற்பாள். உடனே தோழி வேஷத்தில் ரேணுகா தட்டும் ஜால்ரா, 'ஜிங், ஜிங்' என்று இரண்டு முறை ஒலிக்கும்.

ரேணுகா அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பாள்.