பூக்காத பாதாம்

மோட்டார் ரம்பம் ஒரு முறை வீரிட்டு, பாதியில் நின்றது.

பாத்தியில் பான்சிப் பூ நாற்று நட்டுக்கொண்டிருந்த நெவெனா மண் கையோடு நிமிர்ந்தாள். ரூசே நகரத்துப் பழைய பூங்காவில் நவம்பர் மாலை என்றால், டான்யூப் ஆற்றிலிருந்து ஏறி வரும் பனிமூட்டம் வாத்திய மண்டபத்தையும் பிடுங்கிப் போட்ட கல்வாழைக் குவியலையும் விழுங்கிவிட்டு, ஈரச் சருகின் புளித்த வாடையை மட்டும் மிச்சம் வைக்கும். இன்று அதில் வேறொன்றும் கலந்திருந்தது. காய்ச்சல் மருந்தின் தித்திப்பு வாடை.

"நெவெனா! இந்தக் கூத்த வந்து பாரு!"

பூங்காவில் கூட வேலை செய்யும் ஸ்தாமென் அண்ணன்தான். பட்டுப்போன பாதாம் மரத்தை வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டுவாயில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கயிறு.

"மார்த்தெனித்ஸா! மரம் அப்படியே முழுங்கி வச்சிருக்கு. எந்த மடச் சாம்பிராணி இதுல கட்டுனது? மார்ச்சுல கையில கட்டுன கயிற, பூத்த மரத்தப் பாத்த பிறகுதானே அவுத்து அதுல கட்டணும்? இதுதான் இந்த வருஷம் பூக்கவே இல்லையே!"

நெவெனா மண் கையைத் துடைத்துக்கொண்டு மரத்தருகே வந்தாள். கட்டியது அவள்தான்.

இந்த வருஷ மார்ச் தொடக்கம். ஆஸ்பத்திரியில் ஆறு வயது எல்கா அனலாய்க் கொதித்துக்கொண்டிருந்தாள். பூத்த மரத்தில் கயிற்றைக் கட்டி வேண்டினால் பலிக்கும் என்பார்கள்; ஆனால் வெளியே பனி, ஊரில் எந்த மரமும் இன்னும் பூக்கவில்லை. அதுவரை பிள்ளை தாங்குமா? மகளின் மணிக்கட்டிலிருந்து கயிற்றை அவிழ்த்து வந்து இந்த மொட்டை மரத்தில் கட்டினாள். 'என்ன வேணும்னாலும் எடுத்துக்கோ. என் பொண்ண மட்டும் வீட்டுக்கு அனுப்பு.'

அன்றே காய்ச்சல் இறங்கியது. எல்கா வீட்டுக்கு வந்தாள். ஆனால் அதற்குப் பிறகு அழவே இல்லை. முழங்கால் கிழிந்தபோதும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. காலையில் ஜன்னலோரம் அசையாமல் நிற்பாள். வெயில் நகர நகர முகம் மட்டும் மெல்லத் திரும்பும். வளர்கிற பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்று நெவெனா தினமும் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

"விட்டுருங்கண்ணே. நாளைக்கு வெட்டலாம்."

"நாளைக்கா? என் இடுப்பு இன்னைக்கே போச்சு. நாளைக்கு உன் புருஷனா வந்து வெட்டுவான்?"

ரம்பம் மறுபடி இறங்கியது.

ஓர் அலறல்.

ரம்பத்தின் அலறல் அல்ல. ஸ்தாமென் ரம்பத்தை நிறுத்திக் கீழே போட்டார். முகம் வெளிறியிருந்தது.

"நீ... கேட்டியா?"

கேட்டாள். வெட்டுவாய்க்குள்ளிருந்து விசும்பல். நடுநடுவே ஒரு விக்கல். அந்த விக்கல் அவளுக்குத் தெரியும். தொட்டிலிலிருந்தே தெரியும்.

பட்டையில் கை வைத்தாள். சூடு. கொதிக்கிற சூடு.

வெட்டில் ஈரம் கசிந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு.

சட்டைப் பையில் கைபேசி அடித்தது. வீட்டு எண்.

"எல்கா?"

மறுமுனையில் மூச்சுச் சத்தமே இல்லை. பிறகு மகளின் குரல், பதற்றமில்லாமல், மிருதுவாக.

"ஏம்மா நிறுத்திட்டாங்க? முழுசா வெட்டச் சொல்லு. உள்ள இருக்கிறவ இன்னும் உன்னையே கூப்பிட்டு அழுதுட்டிருக்கா."