செத்திருக்க வேண்டியவை

கொசுவின் எச்சில் சுரப்பியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்தாள் ஆய்வக உதவியாளர். மெல்லிய ஊசிகள் போல மலேரியாக் கிருமிகள் நெளிந்துகொண்டிருந்தன. செத்திருக்க வேண்டியவை.

மனித ரத்தத்தில் இருக்கும்வரை மலேரியாக் கிருமிக்குக் கவலையில்லை. சர்க்கரையை அரைகுறையாக எரித்தே கொழுத்துவிடும். கொசுவுக்குள் அந்த ஊதாரித்தனம் செல்லாது. கிடைக்கும் கொஞ்சத்தையும் முழுக்க எரித்தாக வேண்டும். அப்படி எரிக்கும் திறனைத்தான் இந்த ஆய்வகத்தில் மரபணுவை மாற்றி இந்தக் கிருமிகளிடமிருந்து பறித்திருந்தார்கள். கொசுவின் வயிற்றிலேயே பட்டினியால் செத்திருக்க வேண்டும். சாகவில்லை.

"கொசுவையெல்லாம் கூண்டோட எரிச்சிடலாம், எடுத்துட்டு வா," என்றாள் விஞ்ஞானி. எட்டு வருடமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள். உதவியாளர் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

கொசு அறைக்குள் ஈரச் சூடு முகத்தில் துணிபோல ஒட்டியது. கொசுக்களுக்கு வைத்த சர்க்கரைத் தண்ணீரின் புளித்த வாடை, எங்கோ நீர் சொட்டும் சத்தம், அலமாரிகளுக்கிடையே அசையாத நிழல்கள். பின்னால் கதவு தானாக மூடிக்கொண்டது. உதவியாளர் கூண்டைத் தூக்கினாள். உள்ளே ஒன்றுகூட இல்லை. கூண்டுக்குள் கை நுழைக்கும் துணிக் குழாயின் முடிச்சு அவிழ்ந்து தொங்கியது.

காதருகே ஒரு ரீங்காரம். பிறகு பல.

"அக்கா, கூண்டு காலி!"

கத்திக்கொண்டே ஓடினாள். அவள் கதவைத் தொடுமுன் வெளித் தாழ்ப்பாள் விழுந்தது.

"அக்கா?"

"கடிச்சுதா?" கதவின் கண்ணாடிக்கு அப்பாலிருந்து அக்கா கேட்டாள்.

"தெரியல. மாத்திரை போட்டுக்கிறேன்க்கா. திறங்களேன்."

"எந்த மாத்திரைம்மா? எதைத் தின்னு பொழைச்சுதுன்னே தெரியல. எதுக்குச் சாகும்னு நான் எப்படிச் சொல்ல? உன்னை வெளிய விட்டா அதையும் விட்ட மாதிரிதான்."

கண்ணாடியைக் குத்தினாள். கைதான் வலித்தது. அக்கா அழுதாள், திறக்கவில்லை.

மூச்சை மோப்பம் பிடித்துத்தான் கொசு வரும் என்று உதவியாளருக்குத் தெரியும். அடக்கினாள். ரீங்காரம் குறைந்தது. இன்னும் குறைந்தது. நின்றது.

எங்கே உட்கார்ந்தன?

சுவரில் இல்லை. கூரையில் இல்லை.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

உதவியாளர் மெல்லக் குனிந்து பார்த்தாள். தோள் முதல் மணிக்கட்டு வரை அவளுடைய வெள்ளை அங்கி சாம்பல் நிறமாகியிருந்தது. அடக்கிய மூச்சு அவளையும் மீறி வெளியேறியது. அந்தச் சாம்பல் நிறம் ஒருமுறை சிலிர்த்து, மெதுவாக, துணி முடிந்து தோல் தொடங்கும் இடத்தை நோக்கி நகர்ந்தது.