கெல்மரின் இடது இருக்கை

முள் இறங்கவில்லை. மூன்றாம் சுற்று தொடங்கிவிட்டது, பம்ப்பில் அவள் இன்னும் கையே வைக்கவில்லை, இருந்தும் பெட்ரோல் அழுத்தம் காட்டும் அந்தச் சனியன் பிடித்த முள் வைத்த இடத்திலேயே நிற்பதை மெரின் கோப்லி ஓரக்கண்ணால் பார்த்தாள். கெல்மர் என்ற அந்தப் பழைய ரேஸ் வண்டியில் அப்படி நடக்காது. அந்தக் காலத்து ரேஸ்களில் ஓட்டுபவருக்கு இடப்பக்கம் ஒரு மெக்கானிக் உட்கார்ந்து, அழுத்தம் இறங்காமல் இருக்கக் கையால் பம்ப் அடித்துக்கொண்டே வருவார். தொண்ணூறு வருஷத்துக்கு முன் எரிந்துபோன ஒரு கெல்மரை, பழைய வரைபடங்களைப் பார்த்து, ஒவ்வொரு தகட்டையும் தானே தட்டி வளைத்து, ஆறு வருஷத்தில் மெரின் மறுபடி உருவாக்கியிருந்தாள். பம்ப்பையும் விடவில்லை. இடது இருக்கைதான் காலி.

அன்று மதியம், அவள் வண்டியைக் கிளப்பும் முன், கெல்மர் கிளப் செயலாளர் ஜெரால்ட் த்வெய்ட் தேநீர்க் கோப்பையோடு வந்து, வண்டியைச் சுற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“அச்சு அசலா இருக்கு மெரின். ஆனா அசல் இல்லையே. டிரைவர் பேசில் ஓர்மும் மெக்கானிக் ஃபாலோவும் ஜெயிச்சது அந்த வண்டியில. இதே வடக்கு வளைவுல எரிஞ்சு செத்ததும் அதுலதான். இது வெறும் தகரம்.”

“தகரம் ஓடுதா இல்லையான்னு பாருங்க.”

“நிக்காம அஞ்சு சுத்து. நடுவுல நின்னா கிளப்போட நூற்றாண்டு ரேஸ்ல உனக்கு இடம் கிடையாது. ஆமா, பம்ப் யாரு அடிப்பா?”

“எனக்கு ரெண்டு கை இருக்கு. டீ ஆறுது, குடிங்க.”

இப்போது அக்டோபர் மூடுபனி ஓடுதளத்தின் பழைய கான்கிரீட் மேல் படுத்துக்கிடந்தது. சக்கரங்கள் ஒவ்வொரு இணைப்பிலும் தட் தட்டென்று இடிக்க, அந்தச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம், நிதானமான கிரீச், கிரீச், கூடவே விளக்கெண்ணெய் கருகும் வாடை, அந்தக் காலத்து ரேஸ்காரர்கள் ஊற்றியது, அவள் தன் இன்ஜினில் ஊற்றவே ஊற்றாத எண்ணெயின் வாடை, மூக்கில் ஏறியது. திரும்பிப் பார்த்தாள். பம்ப்பின் கைப்பிடி தானாக மேலும் கீழும் போய்வந்தது.

“இறங்கு! இது என் வண்டி.”

கைப்பிடி ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடியும் அடித்தது.

பிரேக்கை மிதித்துவிட்டு ஓடிவிடலாம். முடிவுக் கோட்டருகே த்வெய்ட் கடிகாரத்தோடு காத்திருக்கிறார், “சொன்னேன்ல” என்று சிரிப்பார். ஆறு வருஷம்!

“போடா. நிக்க மாட்டேன். அடிக்கிறதா இருந்தா ஒழுங்கா அடி.”

நான்காம் சுற்றில் அவள் தோளை யாரோ தட்டினார்கள். இரண்டு முறை. அதற்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும். பின்னால் வண்டி வருகிறது, வழி விடு என்று மெக்கானிக் ஓட்டுபவருக்குச் சொல்லும் சைகை அது. ஆனால் ஓடுதளத்தில் இன்று அவளைத் தவிர யாரும் இல்லை.

கண்ணாடியில் பார்த்தாள். பனிக்குள்ளிருந்து ஒரு வண்டியின் பச்சை மூக்கு வந்தது. இதே வண்டி. பெயின்ட் கொப்பளித்து, கருகி.

மறுபடியும் தட்டல். இன்னும் பலமாக.

“வழியா? யாருக்கு?” கேட்டுக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். நடுத்தடத்தை விடவில்லை.

ஐந்தாம் சுற்று. அந்தக் கருகிய வண்டி ஓடுதளத்தின் ஓரச் சரிவில் ஏறியது. பக்கத்தில் வந்தது. சத்தமே இல்லை.

எட்டிப் பார்த்தாள்.

ஓட்டுபவர் இருக்கையும் காலி.

தட்டல் நின்றது. கோடு வந்தது. த்வெய்ட் கொடியை வீசினார். ஜெயித்துவிட்டாள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவள் காலின் மேல் இன்னொரு கால்.

ஸ்டீயரிங்கில் அவள் கைகள். அவற்றின் மேல், கருகிய தோல் கையுறைகள் இரண்டு. சூடாக.

“என் வண்டி,” என்றாள். பிடியை விடவில்லை. கையுறைகளும் விடவில்லை. எதிரே வடக்கு வளைவு. அவள் விரல்களில் தோல் கொப்பளிக்கத் தொடங்கியது.