இருட்டில் விட்ட கோழி

துரை நீலமேகத்தை அடித்தது புதன்கிழமை காலையில், ஏரிமேல் வெயில் ஏறி எல்லாம் பளிச்சென்று தெரிகிற நேரத்தில்.

துரை என்பது சேவல். சண்டைக்கு வளர்க்கிற அசில் சாதி, செவலை நிறம், போலீஸ்காரன்கூட ஒதுங்கிப் போகிற பார்வை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அது நடக்கிற நடையைப் பார்த்து நீலமேகம்தான் அந்தப் பெயரை வைத்தான். குஞ்சிலிருந்தே உள்ளங்கையில் இறால் தலை வைத்து ஊட்டி வளர்த்தவனும் அவன்தான். வெளியாள் யார் கொல்லைக்குள் கால் வைத்தாலும் பாய்கிற துரை, அவனைக் கண்டால் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். புயலுக்காகக் கவிழ்த்து வைத்த கூடையை அன்றைக்குத்தான் அவன் பெண்சாதி தேவகி தூக்கினாள். வெளியே வந்த துரை இறக்கையை உதறியது, நீலமேகத்தைப் பார்த்தது, கழுத்து இறகெல்லாம் சிலிர்க்க எகிறி அவன் கெண்டைக்காலில் தன் கால்முள்ளை இறக்கியது.

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த தேவகி ஓடிவந்து சேவலை அமுக்கிப் பிடித்தாள். பிறகுதான் அவன் காலைப் பார்த்தாள். சதை இரண்டு விரல் நீளத்துக்கு வெள்ளையாக விரிந்திருந்தது. ரத்தம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சொட்டுத் தண்ணீர் கசிந்து கணுக்காலுக்கு இறங்கியது. யாருடைய காலோ என்பதுபோல அவனும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னாயா, வலிக்கலயா?"

"பழகிடும், உடு," என்றான்.

கொல்லையில் ஒரு சத்தம் இல்லை. எந்நேரமும் கத்தித் தொலைக்கிற இரண்டு கின்னிக்கோழிகளும் வேலி மூலையில் மற்ற கோழிகளோடு ஒண்டிக்கொண்டிருந்தன. காரணம் தேவகிக்குத் தெரியும். அதை யாரிடமும் சொல்ல முடியாது.

புயல் எச்சரிக்கையை மதிக்காமல் நீலமேகமும் பக்கத்து வீட்டு ராஜம்மாவின் மகன் முத்துராஜும் ஏரியின் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போனார்கள். மூன்று நாள் தகவல் இல்லை. மூன்றாம் நாள் தேவகி துரையின் காலில் மஞ்சள் கயிறு கட்டி, புருஷன் திரும்பி வந்தால் போதும், இந்தச் சேவலை எடுத்துக்கொள் என்று கங்கையம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். வந்த பிறகு கொடுக்கிறேன் என்று பேரம் பேசாதே, இப்பவே கொடு என்றார் பூசாரி தேசப்பன். சேவலைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவளுக்குப் பாதி வழியில் மனசு கேட்கவில்லை. அவன் வந்தால் முதலில் கேட்பது துரையைத்தானே, என்ன பதில் சொல்வது? திரும்பி வந்தாள். கூண்டில் அதே நிறத்தில் ஒரு சாதாரண நாட்டுச் சேவல் இருந்தது. கயிற்றை அவிழ்த்து அதன் காலில் கட்டி, அதைக் கோயிலில் கொடுத்துவிட்டு வந்தாள். சாமி கண்ணைக் குத்தும் என்று பிள்ளைகளைத்தான் மிரட்டுவார்கள். பெரியவர்களுக்கு எப்போதும் ஒரு சமாதானம் இருக்கும்.

மறுநாள் ராத்திரி நீலமேகம் வந்தான். ஊர் முழுக்கக் கரன்ட் இல்லை. கதவு தட்டுகிற சத்தம், ஈரத்துணி வாடை, "நான்தான்" என்ற குரல். அவள் அழுதுகொண்டே கட்டிப்பிடித்தாள், பாயில் நகர்ந்து இடம் விட்டாள். விடிந்ததும் ஊரே வந்து பார்த்தது. முத்துராஜ் வரவில்லை.

அன்றிலிருந்து ராஜம்மா வேலிக்கு அந்தப்பக்கம் நின்று காறித் துப்புவது வழக்கமாயிற்று. "எம்புள்ளய எங்க உட்டுட்டு வந்தான்னு கேளுடி! உன் ஊட்டுக்கு மட்டும் ஆம்பள வந்துட்டான்ல?" நீலமேகம் அவள் பக்கம் திரும்பவே மாட்டான். அவன் துரையைப் பற்றியும் வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவன் படுத்த பாய் எத்தனை வெயிலில் போட்டாலும் காயவில்லை. சாயங்காலமானால் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்தது. சோற்றைப் பிசைவான், சாப்பிட்டதாகத் தெரியாது. வீட்டுக்குள் ஏரிச்சேற்று வாடை, வற்றிய குட்டையில் மீன் செத்த வாடை, ஊதுபத்தி கொளுத்தினால் அதையும் அமுக்கிக்கொண்டு எழும். இதையெல்லாம் கூட தேவகி பொறுத்துக்கொண்டிருப்பாள். அமுதாவைத்தான் அவன் விடவில்லை. அவர்களுடைய ஏழு வயது மகள். அவள் எழுதினால் பக்கத்தில் நிற்பான், சாப்பிட்டால் பக்கத்தில் நிற்பான். "வா கண்ணு, ஏரிப்பக்கம் போய்ட்டு வரலாம்," என்பான். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, ஒரே குரலில்.

தேவகி துரையை வாசற்படியில் கட்டிப்போட்டாள். குழந்தை அதன் கொண்டையைத் தடவினால் கண்ணை மூடிக்கொண்டு சொக்கும். அவன் கிட்டே வந்தால் சீறும். ராத்திரி அவன் வெளியே ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். அவளும் பிள்ளையும் சேவலுக்குப் பின்னால் படுத்துக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை அந்தி நேரம் கோழிகளை அடைக்கும்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. கூண்டில் இரண்டு அசில் கோழிகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக்கோழி இறக்கையோடு இறக்கை உரச உட்கார்ந்திருந்தது. போன மாதம் திருப்பாலைவனத்தில் வாங்கியது. அசில் கோழிகள் அந்நியக் கோழியைக் கண்டால் கொத்தியே கொன்றுவிடும். சேர்ப்பதற்கு ஒரு வழிதான் உண்டு. எல்லாம் அடைந்து நன்றாக இருட்டிய பிறகு, சத்தமில்லாமல் கூண்டைத் திறந்து புதியதை நடுவில் வைத்துவிட வேண்டும். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது. சூடாக ஏதோ பக்கத்தில் இருக்கிறதென்று ஒட்டிக்கொள்ளும். விடிந்து பார்த்தால், ராத்திரி முழுக்கக் கூட இருந்ததுதானே என்று விட்டுவிடும்.

தனிக்கூடையில் அடைகிற துரையை மட்டும் அப்படி ஏமாற்ற முடியாது.

தேவகி கூண்டுக் கதவைப் பிடித்தபடி நின்றாள். இருட்டில்தான் வந்தான். நான்தான் நகர்ந்து இடம் விட்டேன்.

அமுதாவை இழுத்துக்கொண்டு போய் ராஜம்மாவிடம் விட்டாள். "கொஞ்ச நேரம் பாத்துக்கக்கா. உன் கால்ல உய்றேன். யார் வந்து கேட்டாலும் குடுக்காத." ராஜம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் பிள்ளையை உள்ளே விட்டாள்.

துரையின் காலில் புதிதாக மஞ்சள் கயிறு கட்டி, இடுக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். தேசப்பன் விளக்கேற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"மாத்தியா குடுத்த?"

"தப்புதான் சாமி. இந்தா, இதான் அது. இத்த வாங்கிக்கினு அவர குடுக்கச் சொல்லு."

"நீ ஒண்ண மாத்திக் குடுத்த. அம்மனும் ஒண்ண மாத்திக் குடுத்துட்டா." தேசப்பன் பின்னால் நகர்ந்தார். "முடிஞ்சிபோச்சி. அத்த இங்கருந்து எடுத்துக்கினு போமே!"

அப்போது தெருவிளக்குகள் அணைந்தன. புயலுக்குப் பிறகு கரன்ட் இப்படித்தான் வருவதும் போவதுமாக இருந்தது. தேவகி சேவலோடு ஓடினாள். மணலில் கால் புதைந்தது, செருப்பு எங்கேயோ போயிற்று. ராஜம்மா வாசலில் உட்கார்ந்திருப்பது நிழலாகத் தெரிந்தது.

"அமுதா எங்கக்கா?"

"அவ நைனா வந்து கூட்டினு பூட்டான்." இருட்டில் ராஜம்மாவின் குரல் கசந்தது. "பெத்தவன் கேட்டா நான் இன்னாத்துக்கு புடிச்சி வெக்கணும்? எம்புள்ளய எனக்கு யார்னா புடிச்சி வெச்சாங்களா?"

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. துரையை வேலிக்காலில் கட்டிவிட்டு உள்ளே பாய்ந்தாள்.

"அம்மா."

பாயிலிருந்து குரல். அவள் குழந்தைதான். வாரி அணைத்துக்கொண்டாள். தலை ஈரமாக இருந்தது.

"தல ஏன்டி ஈரமா கீது?"

"நைனா குளிப்பாட்டினாரு."

கையைத் தடவினாள். விரல்களை எண்ணினாள். ஐந்து, ஐந்து. காதில் தோடு இருந்தது. புருவத்தில் போன வருஷம் விழுந்த தழும்பு இருந்தது. என் பிள்ளைதான், என் பிள்ளைதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஈரம் அவள் புடவையிலும் ஏறியது. அவள் விடவில்லை. இருட்டில், பக்கத்தில் இருந்ததை இறுக்கி ஒட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

விடியலில் கண் அசந்துவிட்டது.

விழித்தபோது பாய் காலியாக இருந்தது. வெளியே நல்ல வெயில். கொல்லையில் அமுதா, தினமும் போல நொய்க் கிண்ணத்தோடு நின்றாள். கூண்டைத் திறந்துவிட்டிருந்தாள். ஒரு கோழிகூட இறங்கவில்லை. கின்னிக்கோழிகள் கத்தவில்லை.

"அமுதா, உள்ள வா."

குழந்தை திரும்பவில்லை. துரையின் கட்டை அவிழ்த்தாள்.

சேவல் அவளைப் பார்த்தது. கழுத்து இறகு ஒவ்வொன்றாக எழும்பியது.

"தொரை, வேணாம்! வேணாண்டா!"

எகிறியது. கிண்ணம் விழுந்தது. நொய் சிதறியது.

அமுதா அழவில்லை. குனிந்து தன் முழங்காலைப் பார்த்தாள். வெள்ளையாக விரிந்திருந்தது. ரத்தம் இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர்.

நீலமேகம் ஏரிப்பக்கமிருந்து நடந்து வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

"பழகிடும்மா," என்றாள் அமுதா.

துரை பின்னுக்கு வந்தது. அடி மேல் அடி. தேவகியின் காலடியில் வந்து நின்று, அவளுக்கு முதுகைக் காட்டி, அவர்களைப் பார்த்து இறக்கையை விரித்தது. காலில் மஞ்சள் கயிறு.

இருவரும் கிட்டே வரவில்லை. அவசரமே இல்லாமல் கொல்லை மணலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். தேவகியைப் பார்த்தபடி, இருட்டுவதற்காகக் காத்திருந்தார்கள்.