மறைவு 07/03

மரணம் ஒன்றே இவ்வுலகில் மாறாத உண்மை என்று ஞானிகள் காலங்காலமாக ஒரே குரலில் சொல்லி வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு சர்வர் மாற்றிப் பார்த்தவர் இல்லை.

பார்த்திபன் மாற்றினான். விழுப்புரத்தில், சக்கரபாணியின் பிளக்ஸ் கடையில். கடை என்றால் சக்கரபாணிக்குக் கோபம் வரும், நிறுவனம் என்று சொல்ல வேண்டும். வார்டு உறுப்பினரைச் 'சரித்திரமே' என்றும் அவருடைய மச்சானைச் 'சகாப்தமே' என்றும் அச்சடித்து, சாக்கடை ஓரமாகத் தூக்கி நிறுத்திய நிறுவனம் அது. ஒருமுறை பேனர் போட வந்தவரைச் சக்கரபாணி லேசில் விடமாட்டார். பெயர், பிறந்த தேதி, படம், போன் நம்பர் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். வருடா வருடம் பிறந்தநாளன்று அவருக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து போகும். ஆள் செத்துப்போனால் 'மறைவு' என்ற கட்டத்தில் தேதி ஏறும். அதன்பின் வாழ்த்து நின்று, வீட்டாருக்கு நினைவஞ்சலி பேனர் ஞாபகம் போகும். உயிரோடு இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் அந்த நிறுவனத்தில் இருந்த வித்தியாசம் அந்த ஒரு கட்டம்தான்.

பழைய விண்டோஸ் பெட்டி ஆஸ்துமாக்காரர்போல இரைய ஆரம்பித்ததும், எல்லாவற்றையும் புது லினக்ஸ் சர்வருக்கு மாற்றும் வேலை, கடையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பார்த்திபனுக்கு வந்தது. மாற்றி முடித்த அன்று சக்கரபாணி வாசலில் ஒரு பேனர் கட்டினார். 'புதிய சர்வரே வருக! புதுயுகம் தருக!' சர்வர் சின்னதாக ஒரு மூலையில் இருந்தது. மீதி இடம் முழுக்கச் சக்கரபாணி கைகூப்பிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் பார்த்திபன் பைக்கில் திண்டிவனத்துக்குத் திரும்பும்போது, மயிலம் திருப்பத்தில் டீ குடிக்க நின்றான். போன் அதிர்ந்தது. மயில்கள் இரண்டு, பொன் சட்டம், நடுவில் சிவப்புப் பட்டுப்புடவையில் ஒரு பெண்.

'திருமதி தமிழ்ச்செல்வி பார்த்திபன் அவர்கள் பல்லாண்டு வாழ்க!'

தமிழ்ச்செல்வி அவன் மனைவி. மார்ச் மாதம் ஏழாம் தேதி, காய்ச்சல் என்று படுத்தவளை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், அவன் தோளில் சாய்ந்தபடியே போய்விட்டாள். கண்ணீர் அஞ்சலி பேனரைச் சக்கரபாணிதான் போட்டுக் கொடுத்தார். பார்த்திபன் நீட்டிய படம் கட்டைவிரல் நகம் அளவுக்கு இருந்தது.

"வேற போட்டோ இல்லியா பார்த்தி? இத்த பெருசாக்கினா மூஞ்சி சதுரம் சதுரமா ஒடையும்பா."

"கல்யாண ஆல்பம் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்துல ஊறிப்போச்சிண்ணே. இதயே போடுங்க."

போட்டார்கள். கழுத்துக்குக் கீழே, செத்த பெண்களுக்கென்றே கடையில் வைத்திருந்த பட்டுப்புடவை கட்டிய உடம்புப் படத்தை ஒட்டினார்கள். 'அம்மா பாடி' என்று அதற்குப் பெயர். ஆண்களுக்குக் கோட்டு சூட்டு போட்ட 'அப்பா பாடி'. மரக்காணத்து மீனவரானாலும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்ட விவசாயியானாலும், மேலே போகும்போது கோட்டு போட்டுத்தான் போக வேண்டும்.

டீ ஆறியது. தவறு எங்கே என்று பார்த்திபனுக்கு உடனே தெரிந்துவிட்டது. பழைய பெட்டி தேதியை முதலில் எழுதும், மாதத்தைப் பிறகு எழுதும். புது சர்வர் மாதத்தை முதலில் படிக்கிறது. செப்டம்பர் ஆறாம் தேதி பிறந்தவளை ஜூன் ஒன்பதாம் தேதிக்காரி ஆக்கியிருக்கிறது. மறைவு 07/03 என்பதை ஜூலை மூன்று என்று படித்திருக்கிறது. பன்னிரண்டுக்கு மேற்பட்ட தேதியில் செத்தவர்கள் பாடு இன்னும் விசேஷம். அப்படி ஒரு மாதமே கிடையாது என்று அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறது. சர்வர் கணக்கில் அவர்கள் யாரும் செத்தவர்களே இல்லை.

ஒரே வரிக் கட்டளையில் சரிசெய்துவிடலாம். அவன் படத்தைத் திரும்பப் பார்த்தான். ஜூலை மூன்று இன்னும் வரவில்லை. ஏதோ ஓர் இடத்தில், ஓர் இரும்புப் பெட்டிக்குள், அவள் இன்னும் இருக்கிறாள்.

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போனைச் சட்டைப் பையில் போட்டான்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது மின்சாரம் இல்லை. மூடிக்கிடந்த வீட்டின் புழுக்கமும், நாலு நாள் துவைக்காத துணியின் வாடையும், அலமாரியில் அவள் விட்டுப்போன தைலத்தின் லேசான காரமும் வழக்கம்போல அவன் முகத்தில் வந்து மோதின. அவற்றுக்கு அடியில், இருட்டின் தரையோடு தரையாக, வேறொரு வாசனை படர்ந்திருந்தது. புதிதாக அச்சடித்த பிளக்ஸின் வாசனை. தலையைக் கிறுகிறுக்க வைக்கும் அந்த மசி நெடி. தன் சட்டையிலிருந்துதான் வருகிறது என்று நினைத்து அவன் சட்டையைக் கழற்றி முகர்ந்து பார்த்தான். சட்டையில் வியர்வை மட்டும்தான் இருந்தது.

சமையலறையில் ஏதோ படபடத்தது. காற்றில் ஆடும் திரைச்சீலை எழுப்புகிற சத்தம் இல்லை அது. இன்னும் விறைப்பாக, இன்னும் கனமாக இருந்தது. வீட்டில் காற்றும் இல்லை.

"இன்னைக்கு இன்னா தேதிங்க?"

அவள் குரல். பல்லாரி வெங்காயம் நறுக்கும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்பாளே, அதே குரல். கேஸ் புக் பண்ணவும், பால்காரரிடம் சண்டை பிடிக்கவும் அவள் தினமும் கேட்கிற கேள்விதான். கம்ப்யூட்டரையே கட்டி அழுகிற புருஷன் இருக்கும்போது காலண்டர் எதற்கு என்பாள்.

பார்த்திபன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை.

"ஒம்போது," என்றான்.

"அப்படியா," என்றது குரல். அவ்வளவுதான்.

அவன் கூடத்திலேயே உட்கார்ந்து அழுதான். பயத்தில்தான் அழுகிறோம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான்.

மறுநாள் கடைக்கு ஒரு போன் வந்தது. எடுத்தது பார்த்திபன்.

"சார், கோலியனூர்லேர்ந்து லட்சுமியம்மா பேசறேன். எங்க ஊட்டுக்காரரு தொரக்கண்ணு செத்துப்போயி ரெண்டு வருசமாவுது. அவுருக்குப் போயி பல்லாண்டு வாழ்கன்னு அனுப்பிக்கினு கீறீங்க."

"மன்னிச்சிடுங்கம்மா. மிஷின் மாத்தனோம், தேதி கொழம்பிப்போச்சி. சரி பண்ணிடறோம்."

"ஜல்தியா பண்ணுங்க சார். அவுரு மல்லாட்டக் கொல்லைல வந்து நிக்கிறாரு."

பார்த்திபன் போனை வைத்தான். சக்கரபாணி அந்தப் பக்கமிருந்து, "இன்னா கம்ப்ளைண்டு?" என்று கேட்டார்.

"டெஸ்டிங் போய்க்கினு இருக்குண்ணே," என்றான்.

அந்த வாரம் முழுக்க டெஸ்டிங் போய்க்கொண்டுதான் இருந்தது. பகலில் சர்வர் முன்னால் உட்கார்ந்து எதையும் தொடாமல் எழுந்து வருவான். பொழுது சாய்ந்ததும் திண்டிவனம். கதவைத் திறந்தால் அந்த நெடி, அந்தப் படபடப்பு, அந்தக் கேள்வி. அவன் தேதி சொல்வான். சில நாள் கூடவே நாலு வார்த்தை பேசினான். ஆபீஸ் கதை, வீட்டுக்காரர் வாடகை ஏற்றியது, அவள் வைத்த கறிவேப்பிலைச் செடி பிழைத்துக்கொண்டது. உள்ளேயிருந்து "அப்படியா" என்று வரும். உயிரோடு இருந்த காலத்தில் அவன் அவளிடம் இவ்வளவு பேசியதில்லை. அவன் சமையலறைப் பக்கம் போகவில்லை. ஓட்டலில் சாப்பிட்டான். இரண்டு இட்லி கூடுதலாகக் கட்டி வாங்கிவந்து சமையலறை வாசலில் வைத்தான். காலையில் அவை எறும்பு மொய்த்துக் கிடக்கும்.

ஒருநாள் சமையலறை வாசல் நிலையை ஒரு கை பிடித்திருந்தது.

அவள் வலது கையில், மணிக்கட்டுக்கு மேலே, வடை சுடும்போது எண்ணெய் தெறித்த தழும்பு ஒன்று உண்டு. அந்தக் கையில் தழும்பு இல்லை. கொழுகொழுவென்று வழவழப்பாக இருந்தது. முழங்கைவரை தங்க வளையல்கள். அவனால் ஒரு நாளும் வாங்கித் தர முடியாத வளையல்கள்.

கை பின்வாங்கியது. விரல் விரலாக இல்லை. மொத்தமாக. ஒரு தாளை இழுத்ததுபோல.

மறுநாள் லட்சுமியம்மாள் நேரிலேயே கடைக்கு வந்துவிட்டாள். செருப்பில் கொல்லைமேட்டுச் செம்மண்.

"கோட்டு போட்டுக்கினு நிக்கிறாருங்க."

சக்கரபாணி சிரித்தார். "யம்மா, அது நம்ம டிசைன்மா. எல்லாருக்கும் அதான்."

"டிசைன நீயே வெச்சிக்க சாமி. எங்க ஊட்டுக்காரரு கோமணத்தோட ஏரு ஓட்டனவரு. மூஞ்சி மட்டுந்தான் அவுருது. கிட்டப் போயி கையப் புடிச்சேன். வெயில்ல கெடந்த ஷீட்டாட்டம் சுடுது, ஒட்டுது. பொணத்தக்கூட நான் இப்படித் தொட்டுப் பயந்ததில்ல." அவள் பார்த்திபனைத் திரும்பிப் பார்த்தாள். "செத்த தேதிய போட்டுடுங்க சார். அந்தாளு ஒருதரம் செத்ததே பெரும்பாடு."

அவள் போனபின் சக்கரபாணியின் முகத்தில் பேனர்க் களை இல்லை. "பேஜாரா கீது பார்த்தி. எல்லாத்தியும் சரி பண்ணி வுட்டுடுப்பா."

பார்த்திபன் சரிசெய்தான். பழைய பெட்டியின் ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஒவ்வொரு தேதியையும் எடுத்து, புது சர்வருக்குப் புரியும்படி வருடம், மாதம், நாள் என்று வரிசை மாற்றி ஏற்றினான். விழுப்புரம் வட்டாரத்தில் செத்தவர்கள் எல்லோரும் அன்று மதியம் திரும்பவும் செத்தார்கள்.

ஒருத்தியைத் தவிர.

லட்சுமியம்மாள் போன் பண்ணினாள். "போயிட்டாரு சார். நல்லா இருங்க." வைத்துவிடுவாள் என்று பார்த்தால் வைக்கவில்லை. பிறகு, "கோட்டோடயாவது இருந்துட்டுப் போயிருக்கலாம்," என்றாள்.

ஜூலை இரண்டாம் தேதி சாயங்காலம் பார்த்திபன் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தான். கடை சர்வரை வீட்டிலிருந்தே திறந்திருந்தான். அவள் பெயர் இருந்த வரி. மறைவு: ஜூலை மூன்று. விட்டுவிட்டால் நாளைக்கு அவள் செத்துவிடுவாள், இந்த வீட்டில், அவன் கண்ணெதிரே, மறுபடியும். ஒருதரம் தோளில் தாங்கியாகிவிட்டது. இன்னொருதரம் முடியாது. இன்றைக்கே, பழைய சாவுக்கே அவளை அனுப்பிவிட வேண்டும். சரியான தேதியை அடித்தான். என்டரைத் தட்டினால் போதும்.

மின்சாரம் போனது. ஃபேன் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. லேப்டாப் வெளிச்சம் மட்டும் அவன் முழங்கால்வரை விழுந்தது. பக்கத்து வீட்டு டி.வி. சத்தம், தெருவில் ஸ்கூட்டர், தண்ணீர்க் குழாயடிப் பேச்சு எல்லாம் ஒவ்வொன்றாக யாரோ கதவைச் சாத்துவதுபோல விலகிப்போக, அந்த நெடி மட்டும் எழுந்து, கூடத்தை நிரப்பி, அவன் தொண்டையில் இறங்கியது.

படபடப்பு. நெருக்கத்தில்.

"இன்னைக்கு இன்னா தேதிங்க?"

"ரெண்டு."

"அப்ப நாளைக்கா?"

விரல் என்டர்மேல் இருந்தது. அழுத்த வரவில்லை.

அவள் சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். வாசலில் ஒருக்களித்துத் திரும்பியபோது அவள் அங்கே இல்லை. ஒரு கோடு இருந்தது. திரும்பி நேரானதும் மறுபடி இருந்தாள். சிவப்புப் பட்டு. அந்த வளையல்கள். பாதம் இல்லை. படம் முழங்காலோடு முடிந்திருந்தது. நாலு மூலையிலும் கயிறு கோக்கும் ஓட்டைகள்.

அவன் முகத்தைப் பார்த்தான்.

சதுரங்கள். கண்ணுக்கு இரண்டு கறுப்பு. மூக்குக்குப் பழுப்பு. வாய்க்கு ஒன்று. பேசும்போது அது அசையவில்லை.

"வேற போட்டோ இல்லீங்களா?"

அவன் போனை எடுத்தான். "இரும்மா. இரு. பாக்கறேன்." கேலரியைத் திறந்தான். தள்ளினான். சர்வர் பெட்டி. ஒயர்கள். எரர் வந்த திரை. தள்ளினான். ஒயர்கள். யாரோ ஒரு வாடிக்கையாளரின் மோடம். அவளும் பார்க்கக் குனிந்தாள். அவன் கன்னத்தில் ஷீட் ஒட்டியது. சூடாக இருந்தது. தள்ளினான். எரர். ஒயர். போன வருடம். அதற்கு முந்தின வருடம். அதற்கும் முன்னால். அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். அவன் தள்ளிக்கொண்டே இருந்தான்.

கடைக்குக் கொடுத்த படம் அவளுடைய வாக்காளர் அட்டையிலிருந்து வெட்டியது. அவன் அவளை ஒருமுறைகூடப் படம் எடுத்ததில்லை.