இங்கே அழித்தால்

அண்ணன் ஆண்டனியின் லேப்டாப் அணைந்திருந்தும், அதிலிருந்த ஃபோல்டர் ஜெனிதாவின் கம்ப்யூட்டரில் திறந்தது.

ஆல்பம் வடிவமைக்கும் அந்த ஆழ்வார்பேட்டை அலுவலகத்தில் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அண்ணன் எடுக்கும் கல்யாணப் படங்களை இங்கிருந்தே திருத்துவதற்காக, அவள்தான் ஒரு சின்ன சர்வர் புரோகிராமை ஓட்டி அவனுடைய ஃபோல்டரைத் தன் கம்ப்யூட்டரோடு இணைத்து மவுண்ட் செய்திருந்தாள். இங்கே மாற்றினால் அங்கேயும் மாறும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

அண்ணனுக்குப் போன் செய்தாள்.

“லேப்டாப்பா? ஆஃப் பண்ணி பையில கீது ஜெனி. பஸ்ஸ வுட்டு எறங்கி வூட்டுக்கு நடந்துகினு கீறேன்.”

ஃபோல்டரில் புதிதாக ஒரு படம் வந்து விழுந்தது. சாந்தோம் வீட்டுக் கட்டிலில் அம்மா எஸ்தர், முதுகைக் காட்டியபடி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த படம் இன்னும் அருகில், பின்கழுத்து வியர்வை தெரியும் அளவுக்கு. ஏசியிலிருந்து வாளிக்குள் சொட்டும் நீரின் சத்தத்துக்கும் லேமினேஷன் பசையின் புளித்த வாடைக்கும் நடுவே, அம்மாவின் தலைக்குப் பின்னால் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதை ஜெனிதா தன் பிடரியில் உணர்ந்தாள்.

அம்மாவை அழைத்தாள்.

“யம்மா, வூட்ல யாரு கீறாங்க?”

“யாரும் இல்லடி, நான் மட்டும்தான். இன்னா ஆச்சு?”

அந்த மவுண்ட் இணைப்பைத் துண்டிக்கப் பார்த்தாள். முடியாது, பயன்பாட்டில் இருக்கிறது என்றது திரை.

மூன்றாவது படம். அம்மாவின் கண்கள் மட்டும், திரை முழுக்க. பார்க்கச் சகிக்காமல் ஜெனிதா அதை அழித்தாள்.

“ஏண்டி, கரண்டு போச்சா? ஒரே இருட்டா கீது.”

பகல் இரண்டு மணி.

நான்காவது. உதடுகள். பதற்றத்தில் விரல் நிற்கவில்லை. அதையும் அழித்தது.

“ஜெனி, எனுக்குக் கண்ணு…”

பேச்சு அறுந்தது. மூக்கால் இழுக்கும் மூச்சு மட்டும் கேட்டது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மவுஸிலிருந்து கையைப் பிடுங்கி மடிக்குள் புதைத்துக்கொண்டாள். சர்வர் புரோகிராமை நிறுத்தலாம். நிறுத்தினால் இங்கே ஃபோல்டர் மொத்தமும் காலியாகும். அதில் அம்மாவின் முழு உருவமும் இருந்தது.

ஐந்தாவது. மூக்கு.

அவள் தொடவில்லை. தானாகவே மறைந்தது.

போனில் மூச்சு நின்றது. கதவு தட்டும் சத்தம்.

“யம்மா, தொற. எவ்ளோ நேரம் தட்டிகினு கீறது?” ஆண்டனியின் குரல்.

இன்னொரு படம் வந்தது. ஒரு கையில் போனோடு நின்றிருந்தாள் அம்மா. பிசைந்த மாவுபோல் வழவழத்த முகத்தில், வாய் இருந்த இடத்தை மறு கையின் நகங்கள் கிழித்துக்கொண்டிருந்தன.