நல்ல தண்ணீர் சேர்க்கவும்

காலை ஆறே காலுக்கு உவர்நாடி கூவியது. பவுனு அடுப்பை அணைத்துவிட்டு, ஏழு மாத வயிற்றைக் கையால் தாங்கியபடி தோட்டத்துக்கு நடந்தாள்.

வேதாரண்யத்துப் பக்கம் கிணறுகளில் கடல் புகுந்து பதினோரு வருடம் ஆகிறது. அதன்பின் அங்கே நெல் கிடையாது; வீட்டுக்கு வீடு உப்புத் தக்காளிதான். கிணற்று நீரோடு லாரியில் வரும் நல்ல தண்ணீரைக் கலந்து பாய்ச்சுவார்கள். உப்பு அளவாக இருந்தால் பழம் சிறுத்து, தேனாக இனிக்கும். அளவு நான்கைத் தாண்டினால் வேர் தண்ணீரை இழுக்கத் திணறும். சுண்ணாம்புச்சத்து இலையோடு நின்றுவிடும். காய்க்குப் போய்ச் சேராது. காயின் அடிப்பக்கத் திசு உள்ளுக்குள்ளேயே செத்துக் கறுக்கும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். அதனால்தான் ஒவ்வொரு தொட்டியிலும், நீரின் உப்பை அளந்து குரல் கொடுக்கும் ஓர் உவர்நாடி.

"அளவு ஐந்து. காய் தாங்காது. நல்ல தண்ணீர் சேர்க்கவும்."

"ஏங்க, உங்க செல்லம் அழுவுது."

அவள் கணவன் ஞானசேகரன் சிரித்தான். "நம்ம புள்ள வர்றதுக்குள்ள பழகிக்க. லாரித் தண்ணி இருக்கா?"

"ரெண்டு கொடம். குடிக்க வச்சிருக்கேன்."

"குடிக்கத்தான் கெணறு இருக்கே. ஊரே அதான் குடிக்குது. காய் கறுத்துப்போச்சுன்னா எதை நம்பிப் பிரசவம் பாக்குறது?"

"அதுவும் சரிதான். கஞ்சிக்கு உப்புப் போடுற வேலையும் மிச்சம்," என்று அவளே இரண்டு குடத்தையும் தொட்டியில் கவிழ்த்தாள்.

அடுத்து வந்த நாட்களிலும், கூவும்போதெல்லாம் கவிழ்த்தாள். அந்தப் பருவத்தில் ஒரு காய்கூடக் கறுக்கவில்லை. பவுனுக்குக் கால் வீங்கியது, தலை வலித்தது, கண் மங்கியது. பிள்ளைத்தாய்ச்சிக்கு வீங்கும்தான் என்று இருந்துவிட்டார்கள்.

எட்டாம் மாதம் குழந்தை அசைவில்லாமல் பிறந்தது.

"ரத்தக்கொதிப்பு எக்கச்சக்கமா ஏறியிருக்கு. புள்ளைக்கு ரத்தம் போய்ச் சேரலை," என்றார் நர்ஸ். "என்ன தண்ணிம்மா குடிச்சே?"

"கெணத்துத் தண்ணி."

"எவ்வளவு உப்புன்னு அளந்து பாத்தீங்களா?"



வீடு திரும்பிய மூன்றாம் நாள் காலை, ஞானசேகரன் தொட்டியிலிருந்து உவர்நாடியைப் பிடுங்கி வந்து, அடுப்பங்கரையில் குடிக்க வைத்திருந்த கிணற்றுத் தண்ணீர்க் குடத்துக்குள் இறக்கினான். பால் கட்டிய மார்பில், அது வற்றுவதற்காக மல்லிகைப்பூவை வைத்துக் கட்டிக்கொண்டு பவுனு படுத்திருந்தாள்.

"அளவு ஏழு. காய் தாங்காது. நல்ல தண்ணீர் சேர்க்கவும்."

அவன் அதை வெளியே எடுக்கவில்லை. அது மறுபடி கூவியது.

பழக்கத்தில் பவுனு எழுந்து, லாரித் தண்ணீர்க் குடத்தைத் தேடினாள்.